ஜோடி மாறிய செருப்பு

காசிமேட்டு ஏலக்கூடத்தில் ஐஸ் உருகி ஓடும்.
அதை மிதித்துக் காய்ந்த திட்டுக்கு வருகிறவர்களை
முகம் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.
கூடைக்காரி வசந்தகோகிலம் குதிகாலை இழுப்பாள்.
விசைப்படகு தேசிங்குக்குக் கட்டைவிரல் மட்டும் ஆழம்.
என் தடம்
நாக்கு மீனைத் தரையில் அறைந்த மாதிரி
முழுசாக,
இடுக்கே இல்லாமல்.

இருபது வயதில் போலீஸ் தேர்வுக்குப் போனேன்.
ஓட்டத்தில் இரண்டாவது, தாண்டுவதில் முதல்.
டாக்டர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.
தட்டைப் பாதம் என்று எழுதினார்,
என் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

ஐஸ் தொட்டி நாற்பது கிலோ.
ஏழாவது தொட்டியில் முட்டியின் உள்பக்கம்
யாரோ ஆணி வைத்துத் திருகுவார்கள்.
ஸ்டான்லியில் பிசியோ பார்க்கும் ரூபாவதி
இரண்டு முட்டியிலும் பேனாவால் புள்ளி வைத்து
நடக்கா என்றாள்.
நடந்தேன். கண்ணாடியில்
ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி
மற்றதிடம் ரகசியம் சொல்லப் போனது.
"முட்டி மேல தப்பு இல்லக்கா.
மிதிச்சா வளைவு படுத்துடுது.
அது படுத்தா குதிகால் வெளிய சாயும்,
கீழ்க்கால் எலும்பு உள்ள திரும்பும்,
தொடை எலும்பும் கூடவே திரும்பும்.
நடுவுல மாட்டுனது முட்டி. அது இன்னா பண்ணும்?"

சாலமோன் கால் நேர் எதிர்.
குளித்துவிட்டு வந்தால் தரையில்
குதிகால் ஒரு தீவு, விரல்கள் ஒரு தீவு,
நடுவில் கடல்கூட இல்லை.
கண்டெய்னர் யார்டில் ட்ரெய்லரிலிருந்து குதிக்கிறவன்.
தரை கொடுக்கும் அடியை
அந்த விறைத்த வளைவு கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது.
கணுக்காலிடம் தள்ளும்,
கணுக்கால் முட்டியிடம்,
முட்டி இடுப்பிடம்.
ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பு அவனை எழுப்பும்.

எனக்கு எல்லாம் சரிகிறது.
அவனுக்கு எதுவும் இளகுவதில்லை.
பதினாறு வருஷமாக இதைக்
குணம் என்று நினைத்துச் சண்டை போட்டோம்.

கடைசிச் சண்டை சீட்டுப் பணத்துக்கு.
பதினோரு நாள் பேச்சில்லை.
பன்னிரண்டாம் நாள் மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
வாசலில் இரண்டு ஜோடி ஹவாய்,
ஒரே கடை, ஒரே நீலவார்.
காலில் பட்டதை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
பின்னால் ஒரு விரல் அதிகமாக இருந்ததை
எண்ணூர் நெடுஞ்சாலை தாண்டித்தான் கவனித்தேன்.

ஏழாவது தொட்டி.
தண்ணி லாரிக்குக் காத்திருப்பதுபோல்
வலிக்குக் காத்திருந்தேன்.
எட்டாவது.
ஒன்பதாவது.
தொட்டியை இறக்கிவிட்டுச்
செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன்.
வெளியோரம் அப்பளமாகத் தேய்ந்திருந்தது.
உள்ளோரம் புதுசுபோல் தடித்து
என் விழுந்த வளைவை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.
அவன் தேய்த்த பள்ளம்
எனக்கு மேடு.

சாயங்காலம் அவன் வந்தான், என் செருப்பில்,
குதிகால் வெளியே தொங்க.
மூன்று மாடியும் ஏறினான்.
கை இடுப்புக்குப் போகவில்லை.
நானும் பார்க்கவில்லை, அவனும் காட்டவில்லை.
மறுநாள் கரண்ட் இருந்தது.
இருந்தும் மாற்றித்தான் போட்டுப் போனோம்.

ரூபாவதி சிரித்தாள்.
"கொஞ்ச நாளைக்குத்தான்கா.
உங்க கால் அதையும் உங்க மாதிரியே தேச்சுக்கும்.
முந்நூறு ரூபாய்க்கு அட்டை வாங்கி வைங்க."
தலையாட்டினேன்.

இன்றைக்கு நாற்பதாவது நாளோ என்னவோ.
வாசலில் குனிந்து
நான்கு செருப்பையும் கவிழ்த்துப் பார்க்கிறான்.
எல்லாம் ஒரே மட்டம்.
"இதுல உன்னுது எதுமே?"
"தெர்ல. போட்டு நட. முட்டி சொல்லும்."
ஒரு காலை விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான்.
கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
மிச்சமிருந்ததை மாட்டிக்கொண்டு
குடத்தோடு இறங்கினேன்.